வக்கடை ஓரத்தில் ஒரு பெட்டி

நல்லரத்தினம் உரம் வாங்கச் செங்கலடிக்குப் போயிருந்த காலையில்தான் அந்தப் பெட்டி அவருடைய வயலுக்கு வந்தது. வந்தாறுமூலைக் கெம்பசில் ஆராய்ச்சி செய்யும் ஆர்த்திகா அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் அனுமதி வாங்கி, தண்ணீர் திறக்கும் வக்கடை ஓரமாகப் பயிரின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தாள். ஆறு நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் திரும்பிய நல்லரத்தினம் கண்டது சேற்றில் பாதி புதைந்த பெட்டியும் அதிலிருந்து நீண்ட கறுப்புக் குழாயும். சண்டை முடிந்து ஒரு வருடம்தான். கண்ணிவெடி என்று முடிவு கட்டினார். இராணுவ முகாமில் சொன்னால் மண்டையோட்டுப் பலகை நட்டு, நாடா கட்டி, போகத்தையே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் காலும் வைக்கவில்லை. உரம் போடவென்று காலையில் அவர் அடைத்த வக்கடை அடைத்தபடியே கிடந்தது.

அவர் எடுக்காத தண்ணீர் வாய்க்கால் கடைசிக்கு ஓடியது. அங்கே அன்னப்பூரணியின் இரண்டு ஏக்கர். பெரியகல்லாற்றில் வீட்டையும் புருஷனையும் சுனாமிக்குக் கொடுத்துவிட்டு உன்னிச்சையில் தகப்பன் காணிக்கு வந்தவள். முந்தி விதைத்த அவள் பயிர் கதிரை உள்ளே வைத்துக் குடலை கட்டி நின்றது. கதிர் வரும்வரை தண்ணீர் கிடைக்காவிட்டால் அவ்வளவும் பதர். மேல் வயற்காரர்கள் களைக்குப் பயந்து எந்நேரமும் தண்ணீர் கட்டி வைப்பார்கள், அவளுக்கு மிஞ்சாது. ஆர்த்திகா பெட்டி வைத்ததை அவள் பார்த்திருந்தாள். சொல்லவில்லை.

ஆறாம் நாள் ஆர்த்திகா ஊசியும் கண்ணாடிக் குப்பிகளுமாக வந்து நேரே பெட்டியிடம் இறங்கினாள். நல்லரத்தினம் வரம்பில் குப்புற விழுந்தார்.

அவரை எழுப்பி விளக்கவேண்டியிருந்தது. தண்ணீர் தேங்கிய சேறு மெதேன் என்ற வாயுவை விடும். பெட்டி அதைப் பிடிக்கும். பக்டறிகள் தொடங்கிய காலத்திலிருந்து வானத்தில் அது இரண்டரை மடங்காகிவிட்டது. பூமி சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம். வயலை இடைக்கிடை காயவிட்டால் குறையும்.

"பக்டறிக்காரன் புகை விடுவான், குற்றம் என்ட வயலுக்கா?"

பெரிய பங்கு கரியும் எண்ணெயும் எரித்தவர்களுடையதுதான் என்று ஆர்த்திகா ஒப்புக்கொண்டாள். அதற்குள் அன்னப்பூரணி பயமில்லாமல் பெட்டியருகில் வந்து நின்றாள்.

"வானத்த விடுங்க அண்ணன். ஆறு நாளா தண்ணி இல்ல. உங்கட பயிர் செத்தா போச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். சேறு மயிரிழையாக வெடித்திருந்தது. பயிரோ பச்சை மாறாமல், புதுக் கிளை விட்டு நின்றது.

"இது என்னெண்டு தெரிஞ்சும் பேசாம இருந்தியா நீ?"

"நீங்க ஒருத்தரிட்டயும் கேக்கல்லயே."

அன்னப்பூரணியின் பயிருக்கு இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டும். அதுவரை இடையில் ஒருதரம் நனைத்தாலே அவருடைய வயலுக்குப் போதும் என்றாள் ஆர்த்திகா.

"களை வந்தா?"

"நான் புடுங்கித் தாறன்" என்றாள் அன்னப்பூரணி.

மூன்று வட்டையில் கூலிக்குக் களை பிடுங்கிய கை அது. நல்லரத்தினத்துக்கும் தெரியும். அந்தக் குழாய்க்கு வேறு நிறம் பூசச் சொல்லி ஆர்த்திகாவை ஏசிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். வக்கடையில் இன்னொரு கட்டி சேறு வைத்து, காலால் மிதித்து இறுக்கினார்.