தவக்காலத்து ரத்தம்

1

இந்தக் கதை என் கணவரின் கால் கட்டைவிரலில் பிறந்தது. நாலு வருடம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அது வீங்கிச் சிவந்தது. போர்வை பட்டாலே அலறினார். யூரிக் ஆசிட் என்றார் மயிலாடுதுறை டாக்டர்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘காவிரிக் கரையில் பொழுது மெல்லப்…’

(வேண்டாம். வீங்கிய விரலுக்கு எதற்குக் காவிரி?)

2

கதாநாயகன் டேவிட்சன். ஆறு ஏக்கர் சம்பா, ஒரு புல்லட், என்னைவிட ஆட்டுக்கறிமேல் அதிகப் பாசம்.

[அவர் ஆட்சேபம்: “ஒரு வேலி நெலம்னு எழுதேன், கௌரவமா இருக்கும்.”]

டாக்டர் விளக்கினார். சிறுநீரகம் தளர்ந்தால் யூரிக் ஆசிட் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும். அதிகமாகத் தங்கினால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். இப்படிப்பட்டவர்களுக்கு இதய நோயும் கூடுதலாக வருகிறது.

(இங்கே கொட்டாவி வந்தால் வெட்கப்படாதீர்கள். டாக்டர் எதிரிலேயே இவர் விட்டார்.)

3

இனி மோசடி. வருடாவருடம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க இவர் தேர்ந்தெடுக்கும் நாள் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துப் புதன். நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் கறியும் பிராந்தியும் தொடாத ரத்தம் அது. ரிப்போர்ட், வெள்ளை உடுத்திக் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளை மாதிரி வெள்ளையாக வரும். ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒன்றரைக் கிலோ கறி. பிறகு வருடம் முழுக்க, டாக்டருக்குத் தெரியாமல், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை.

“ஆண்டவருக்காக இருக்குற ஒருசந்தி, ஃபிளோரா. அதுல டாக்டரும் சந்தோஷப்பட்டுட்டுப் போறாரு.”

4

இந்த வருடமும் யூரிக் ஆசிட் கோட்டைத் தாண்டாமல் நின்றது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் தவக்காலம் அனுசரிக்கவில்லை. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது, வலி மாத்திரை ஏதாவது போட்டால் இன்றே நிறுத்துங்கள், திங்கட்கிழமை தஞ்சாவூரில் இதயத்துக்கு எக்கோ எடுங்கள் என்றார் டாக்டர்.

“ஈஸ்டருக்கு மறுநா எவன் போவான்? வீடு நெறய ஆளு இருக்கும்.”

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வரியைக் கிண்டலாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

5

முடிவுகள்.

(அ) டேவிட்சன் திருந்துகிறார். (நானே நம்பவில்லை.)

(ஆ) ஈஸ்டர் பந்தியில், இலையில் கை வைத்தபடியே, அவர் —

தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “ஏன் நிறுத்திட்ட? செத்துர்றேனா?”

“நாளைக்கு எக்கோ எடுத்தாத்தானேங்க தெரியும்.”

சமையலறையில் ஈஸ்டர் கறி வெந்துகொண்டிருந்த குக்கர் விசில் அடித்தது. அவர் உள்ளே போனார். அடுப்பை அணைக்கவா, மூடியைத் திறக்கவா, இங்கிருந்து தெரியவில்லை.

(ஆ)வில் அந்தக் கோட்டுக்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுத மாட்டேன். உங்களுக்கு அவர் கதாபாத்திரம். எனக்கு வேறு புருஷன் இல்லை.