ஒட்டாத வாக்கியங்கள்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஸ்கேல். எதைக் கண்டாலும் அளப்பார். முதலில் மாணவர்களின் கவனத்தை அளந்தார், பிறகு ஆர்வத்தை. இப்போது இணையவழிப் பாடங்களில் அவர்கள் யாரும் சொல்லாமல் தாமாகவே படிக்கும் திறனை அளந்துகொண்டிருந்தார். அதாவது, அவருடைய ஆய்வு மாணவி அளந்துகொண்டிருந்தாள். அவர் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நாற்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் மறுக்கிறேன்' முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். பாடம் தொடங்கும்போது ஒரு சுற்று, முடியும்போது ஒரு சுற்று. நிரப்பாதவனுக்குத் தேர்வுப் பக்கம் திறக்காது. தாமாகப் படிக்கிறார்களா என்று அறிய அவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதில் துறையில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

முடிவு பிரமாதம். திறன் எகிறியிருந்தது. ஸ்கேல் அதைத் துணைவேந்தர் காதுவரை கொண்டுபோய்விட்டார். அவளுக்கும் அவசரம். மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் ஒரு கல்லூரியில் வேலை காத்திருந்தது; தவறினால் அது வேறு யாருக்காவது போய்விடும். "இன்னும் படிச்சு முடியலையா?" என்று கேட்பதை மாமியார் எப்போதோ நிறுத்திவிட்டார். இப்போது பார்வை மட்டும்தான்.

கடைசியாகச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் தவறு கண்ணில் பட்டது. நாற்பதில் பதினொன்று எதிர்மறை வாக்கியங்கள். 'யாராவது விரட்டினால்தான் படிக்க உட்காருவேன்' என்பது போல. இவற்றை ஏற்கிறவனுக்கு மதிப்பெண் குறைய வேண்டும். கூட்டும்முன் எண்ணைத் தலைகீழாக்க வேண்டும்: ஐந்து ஒன்றாகும், ஒன்று ஐந்தாகும். முதல் சுற்றில் செய்திருந்தாள். இரண்டாம் சுற்றில் மறந்துவிட்டாள். விரட்டினால்தான் படிப்பவனெல்லாம் தரவரிசையில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்தான். திருத்திக் கூட்டினாள். ஏற்றம் காணாமல் போனது.

அதே பாடத்தில் சேர்ந்திருந்த தன் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"முதல் தடவை பாதி படிச்சுப் பார்த்துதான்க்கா போட்டேன். ரெண்டாம் தடவை பரீட்சை அவசரம். எல்லாத்துக்கும் 'முற்றிலும் ஏற்கிறேன்'தான். மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு."

வகுப்புக் காணொளியை ஓடவிட்டுத் தூங்கியதையும் அவன் கேட்காமலே சொன்னான். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தானாம்.

மறுநாள் ஸ்கேலிடம் தன் தவறைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. அட்டவணையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"தப்பு உன் கணக்குல இல்லம்மா. இந்தப் பதினொண்ணும் மத்ததோட ஒட்டலை. ரெண்டு சுற்றுலயும் எடுத்துடு."

எடுத்தால் ஏற்றம் திரும்பி வரும். அது அவளுக்கும் தெரியும்.

"மிச்சம் இருக்கிறது எதை சார் அளக்கும்? எல்லாத்துக்கும் சரின்னு போடறதைத்தானே?"

"அதுவும் ஒரு திறன்தானேம்மா."

இந்தப் படிவம் எதையும் அளக்கவில்லை என்பதையே முடிவாக எழுதலாம் என்றாள். ஜுரத்தில் உளறும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீ சொந்தமா யோசிக்கிறதை நான் என்னைக்காவது தடுத்திருக்கேனா? முதல்ல சொன்னதைச் செய்."

தன் இருக்கைக்கு வந்தாள். நீக்கினாள். நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அந்த வாக்கியங்கள் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு ஒரு பக்கம் விளக்கமும் எழுதினாள், மேற்கோள்களோடு. நன்றாகவே வந்தது. ஸ்கேல் அந்தப் பக்கத்தைத் தனியாகப் பாராட்டினார்.

ஆய்வேட்டின் தொடக்கத்தில் வழக்கமான உறுதிமொழி இருந்தது: இது பிறர் தலையீடின்றி ஆய்வாளர் சுயமாகச் செய்த ஆய்வு. கீழே இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர் படிக்காமல் போட்டார். அவள் படித்துவிட்டுப் போட்டாள்.