லாரிக்கு இரண்டு மூக்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று வந்தது லாரியின் மூக்கால்.

எங்கள் சின்ன லாரியை ஓட்டுவது நான். அதன் எஞ்சினுக்கு இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று என இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள். புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்வதுதான் அவற்றின் வேலை. அதனால் மெக்கானிக்கான என் கொழுந்தன் வைத்த பெயர் மூக்கு.

கொழுந்தன் பட்டறையில் புகைக்குழாயைக் கழற்றி, விரிசலைப் பற்றவைத்து மாட்டியதிலிருந்து எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. வண்டி பெட்ரோலை மூக்கு முட்டக் குடித்தது, மேட்டைக் கண்டால் இருமியது. மறுநாள் காலை மேட்டுத்தெரு உச்சிக்கு என் தங்கையின் ரொட்டி அடுப்பை ஏற்றியாக வேண்டும். வருஷக்கணக்காக அடுத்தவர் கடையில் மாவு பிசைந்தவள், இப்போதுதான் சொந்தக் கடை திறக்கிறாள். அடுப்பு போகாவிட்டால் கடையும் இல்லை.

“பேசாம மூக்கைக் கழட்டி விட்டுடலாம் அண்ணி,” என்றான் கொழுந்தன். இரண்டு மூக்கின் ஒயர் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஓட்டினான். வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது!

“பாத்தீங்களா? எஞ்சினை ஏமாத்த ஒரு பொய் மூக்கு மாட்டிட்டா விளக்கும் அணைஞ்சிடும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, எஞ்சின் குத்துமதிப்பா ஓடும். பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும். புகை வடிகட்டி நாளாக ஆக வெந்துபோகும். புகைச் சோதனையில மாட்டினா ரெண்டு பேருக்கும் வசவு.”

“நல்லதா ஏதாவது சொல்லேன்டா!”

“நல்லது ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு அடுப்பு மேல போயிடும்.”

அந்த ஒன்றுதான் என்னைப் பிடித்து இழுத்தது. சரி என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ரொட்டி மணக்க வேண்டிய வாசலில் என் வண்டி பெட்ரோல் நாற்றம் விடுவதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

“மூக்கு இல்லாம நல்லா ஓடுதுன்னா, மூக்கு பொய் சொல்லுதுன்னுதானே அர்த்தம்? ரெண்டும் புதுசு. ரெண்டுமா சேர்ந்து பொய் சொல்லும்?”

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். டீ டம்ளரோடு நின்ற என் வீட்டுக்காரர் மெல்ல வெளியே நகர்ந்தார்.

“நீங்க எங்க நழுவுறீங்க?”

“இல்லம்மா… புகைக்குழாய் மாட்டின அன்னைக்குப் பிளக்கு ரெண்டையும் மாட்டினது நான்தான். இவன் சாப்பிடப் போயிட்டான். போன்ல கேட்டேன். சிவப்பு டேப் ஒட்டின பிளக்கு சுவர் பக்கத்து மூக்குக்குன்னான். அப்படியேதான் மாட்டினேன்.”

“சரிதானே? இடது பக்கந்தானே சுவர்,” என்றான் கொழுந்தன்.

“அன்னைக்கு வண்டி திரும்பி நின்னுச்சுடா. சுவர் இருந்தது வலது பக்கம்.”

வந்தது பாருங்கள் எனக்கு! “ரெண்டு பேருக்கும் கண்ணு என்ன பிடரியிலயா? வண்டியைத் திருப்பி நிறுத்தின அறிவாளி யாரு?”

கொழுந்தன் சுத்தமாக இருந்த ஸ்பேனரை அக்கறையாகத் துடைத்தான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அன்று பட்டறையே பார்க்க, ஒரே மூச்சில் ரிவர்ஸில் உள்ளே விட்டு, “எப்படி?” என்று கேட்டது சாட்சாத் நான்தான்.

நன்றாக மூக்குடைபட்டேன். முதலில் சிரித்ததும் நான்தான். அதற்குப் பிறகுதான் அவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. இடது மூக்கு சொன்னதை வலது பக்கத்துக்கும், வலது சொன்னதை இடது பக்கத்துக்கும் எடுத்துக்கொண்டுதான் எஞ்சின் இத்தனை நாள் குழம்பியிருக்கிறது. பிளக்குகளை இடம் மாற்றி மாட்டினோம். விளக்கு அணைந்தது. பொய் மூக்கு டப்பாவிலேயே கிடந்தது.

மறுநாள் அடுப்போடு மேட்டுத்தெருவில் ஏறினோம். ஒரு இருமல் இல்லை. உச்சியில் தங்கை மாவு அப்பிய கையோடு நின்றிருந்தாள். அடுப்பை இறக்க வண்டியை ரிவர்ஸில்தான் விட வேண்டும். வீட்டுக்காரர் பின்னால் போய் நின்று கத்தினார்:

“சுவர் பக்கம் ஒடிச்சுத் திருப்பு!”

“எந்தச் சுவரு? தெளிவாச் சொல்லுங்க!”

“உன் தங்கச்சி நிக்கிற பக்கம்!”

கண்ணாடியைப் பார்த்தேன். அவளா ஒரு இடத்தில் நிற்பவள்? இடது கண்ணாடியில் குதித்தாள், அடுத்த நொடி வலது கண்ணாடியில் குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.