தங்கக் கோடு விலகிய தாள்

சின்னவளிடமிருந்து உறை வந்தபோது அக்கா தபால் முத்திரையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். அப்படியே அடுப்படிக்குப் போய், உள்ளே இருந்த வாழ்த்து அட்டையை மட்டும் உருவிக்கொண்டு, உறையைத் தீயில் காட்டினாள். தங்கை எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளக் கூடாது. தெரியாத ஒன்றை யாரும் தன்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அட்டையில் எழுத்து ஏதும் இல்லை. கருநீலத்தில் பூப்போட்ட தாள், நடுவில் ஒட்டிய வெள்ளைச் சதுரம், சதுரத்தில் ஒரு குருவி அச்சு. அந்த ரப்பர் அச்சை அக்காவும் தங்கையும் ஒரே கடையில் ஆளுக்கொன்றாக வாங்கியிருந்தார்கள். குருவியின் வால் பக்கம் மை வெளுத்திருந்தது. சின்னவளின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அந்தப் பக்கம் அழுத்தம் போகாது.

சின்னவளின் கணவனுக்குக் காகித வியாபாரம். அவன் கடையில் தாள் வெட்டும் பெரிய மெஷின் உண்டு. வெட்டும்போது தாள்கட்டு நகராமல் அமுக்கிப் பிடிக்க அதில் ஓர் இரும்புக் கட்டை இருக்கும். விரல்கள் அதில் தவறி மாட்டிக்கொண்டன என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். மேலே இருக்கும் சக்கரத்தை யாராவது சுற்றினால்தான் அந்தக் கட்டை கீழே இறங்கும். போலீஸில் கேட்டுவிட்டு, குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விரல் கட்டைப் பிரித்த மறுநாள் சின்னவள் ஒரு பையோடு காணாமல் போனாள். போகுமுன் அக்காவிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "இன்னொரு தடவை கையில கிடைச்சா விரலோட விடமாட்டான்."

அட்டையை எரிக்க மனம் வரவில்லை. பண்டிகைக் கால விற்பனைக்காகத் தானே செய்து, பசை உலர நிறுத்தியிருந்த அட்டைகளுக்கு நடுவே அதையும் நிறுத்தினாள். நீலத்தோடு நீலம். இதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை என்று தோன்றியது.

சின்னவளின் கணவன், அந்தக் காகிதக்காரன், அந்த வாரம் வந்தான். ஒவ்வொரு பண்டிகைக் காலத்துக்கு முன்பும் வருவான். வேனில் தாள்கட்டுகளோடு வந்து, அவளுக்கு வேண்டியதை இறக்கிவிட்டுப் போவான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். அதனால் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"வாங்க சகலை, வாங்க" என்றான் அவள் கணவன். ஓட்டுநர் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அன்று அவனுக்கு விடுமுறை. "பார்த்து வாங்க, தரையெல்லாம் பசை. காலை வெச்சா உங்களையும் மடிச்சு உறையில போட்டு அனுப்பிடுவா."

"அனுப்பட்டும். போற இடம் நல்ல இடமா இருந்தா சரி" என்றான் காகிதக்காரன். செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று ஒட்டி, சுவரோரம் வைத்தான். "எப்படி இருக்கீங்கக்கா?"

"இருக்கேன் தம்பி."

"அவகிட்ட இருந்து ஏதாவது?"

"எனக்கு எப்படி வரும்?"

"கோபமெல்லாம் எனக்கு இல்லக்கா. ஒரு தடவை பேசணும். அவ்வளவுதான்."

"குடும்பம்னா நாலும் இருக்கும்" என்றான் அவள் கணவன். "வந்துருவா சகலை. எங்க போயிடுவா? நான் இவகூட இத்தனை வருஷமா குப்பை கொட்டலையா?" அவனே சிரித்துக்கொண்டான். கணவன் நல்லவன். ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அதனால்தான் அட்டை வந்ததை அவனிடமும் அவள் சொல்லவில்லை.

அவள் மேசைக்குத் திரும்பினாள். தாளை இரும்பு ஸ்கேலை வைத்து அறுத்தாள். கத்தியை அழுத்தாமல் இருக்கப் பார்த்தாள். கை அழுத்தியது.

"சும்மா சொல்லக்கூடாது சகலை, இந்தத் தடவை கை நல்லா வந்திருக்கு இவளுக்கு" என்று கணவன் எழுந்தான். "இதைப் பாருங்க. எல்லாத்தையும்விட இதுதான் எனக்குப் பிடிச்சது." நிறுத்தியிருந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது அட்டை காகிதக்காரனின் கையில் இருந்தது.

அவன் அதை உடனே திறக்கவில்லை. முதலில் குருவியைப் பார்த்தான். பிறகு சன்னல் பக்கம் போய் மறுபடியும் பார்த்தான்.

"வால்ல மை ஏறலையே."

"சில சமயம் அப்படித்தான் விழும்."

"மத்ததுல எல்லாம் சரியா விழுந்திருக்கே."

"அது முதல்ல போட்டது. மையும் அப்ப காஞ்சிருந்தது."

"நீங்க போட்டதுதானே?"

"வேற யாரு போடுவா?"

"இன்னொண்ணு போட்டுக் காட்டுங்கக்கா. பார்க்க ஆசையா இருக்கு."

"ஆமா, காட்டேன்" என்றான் கணவன்.

அவள் குருவி அச்சை எடுத்தாள். மைப்பெட்டியில் ஒற்றினாள். அச்சைப் பிடித்திருந்த விரல்களில் கடைசி இரண்டையும் வெளியில் தெரியாத அளவுக்குத் தளர்த்தினாள். வெள்ளைத் தாளில் வைத்து அமுக்கினாள். எடுத்தாள்.

வால் வெளுத்திருந்தது.

காகிதக்காரன் இரண்டு குருவிகளையும் அருகருகே வைத்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தோள் தளர்ந்தது.

"மன்னிச்சுக்கங்கக்கா. நான் வேற என்னமோ நினைச்சுட்டேன்."

"பரவாயில்ல தம்பி."

"தண்ணி குடிங்க சகலை" என்றான் கணவன். "குருவியைப் பார்த்தே வேர்த்துட்டீங்க."

அவன் ஒரு மிடறு குடித்தான். சிரித்தான்கூட. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் அட்டையைத் திருப்பிக் கொடுக்க நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். அவன் விடவில்லை.

அவன் கட்டைவிரல் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

குருவியைச் சுற்றிக் கருநீலத்தில் சின்னச் சின்னப் பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் தங்கத்தில் ஓரக்கோடு. அந்தக் கோடு பூவின் விளிம்பில் விழாமல் ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. அவள் அதைக் கவனித்திருந்தாள். அழகுக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"இது பிழையா அடிச்சது" என்றான் அவன். "நீலம் ஓடி முடிஞ்சு தங்கம் ஓடும்போது தாள் நகர்ந்திடுச்சு. மொத்த லாட்டும் போச்சு. யாரும் வாங்கலை."

"அப்புறம்?" என்றான் கணவன்.

"வெளியூர்ல ஒரே ஒரு கடைக்காரர் எடுத்துக்கிட்டார் சகலை. மூட்டையோட. நானே கொண்டுபோய் இறக்கினேன்." அவன் அவளைப் பார்த்தான். "நீங்க எங்கக்கா வாங்கினீங்க?"

"நீங்கதான் கொடுத்தீங்க. பழைய கட்டுல இருந்தது."

"நான் உங்களுக்குப் பிழைத்தாள் கொடுத்ததே இல்லையே."

கடையின் பெயராக எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும். சரியான பெயர் அவளுக்கே தெரியாது.

"எதுக்கு இந்த விசாரணை?" என்றான் கணவன். இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. "ஒரு தாளுக்கா?"

காகிதக்காரன் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தான். தண்ணீர் டம்ளரை மேசையின் நடுவில், எதிலும் படாமல் வைத்தான். "கிளம்பறேன் சகலை."

"இப்பதானே வந்தீங்க? சாப்பிட்டுப் போங்க."

"இன்னொரு நாள். ஒரு வேலை ஞாபகம் வந்துடுச்சு."

அவன் செருப்பைப் போடுவதற்குள் அவள் கணவனை அடுப்படிக்கு இழுத்தாள்.

"அது அவ அனுப்பினது. அவ இருக்கிற ஊரு இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"யாரு, சின்னவளா?" அவன் முகம் மலர்ந்தது. "நல்லதுதானே. போய் கூட்டிட்டு வரட்டும்."

"கொன்னுடுவான்."

"சீ, என்ன பேச்சு இது. அழுத்தமான ஆளு, அவ்வளவுதான். பொண்டாட்டியைக் காணோம்னா யாருக்கும் இருக்காதா?"

"போன் போட்டு அவகிட்ட சொல்லணும். நம்பர் இல்ல. ஊரு இல்ல. ஒண்ணுமே இல்ல என்கிட்ட."

"நீ பதறாத. பிரேக்கைப் போட்டு நின்னு யோசி."

வெளியே வேன் உறுமியது. அவள் மேசையைத் தாண்டி ஓடினாள். பசை காயாத அட்டைகள் சில கீழே சரிந்தன. தெருவில் இறங்கி, வேனின் சன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க தம்பி?"

அவன் வண்டியை அணைக்கவில்லை. "நீங்க செஞ்ச அட்டைதானேக்கா. தாள் வாங்கின இடம் உங்களுக்குத் தெரியாதா?"

எதிர்வீட்டில் ஒருத்தி துணி உதறிக்கொண்டிருந்தாள். ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அவளுக்கு அந்த ஊருக்கு வழி தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இவன். இவனுக்கு முன்னால் போக முடியாது. இவன் இல்லாமலும் போக முடியாது.

"நானும் வரேன்" என்றாள்.

மாட்டேன் என்பான் என்று நினைத்தாள். அவன் யோசித்தான். பிறகு எட்டி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"வாங்க. நல்லதாப் போச்சு. நான் தட்டினா திறக்கமாட்டா. உங்க குரலைக் கேட்டா திறப்பா."

அவள் ஒரு கால் படியில் வைத்திருந்தாள். அப்படியே நின்றாள். கணவன் வாசலுக்கு வந்து, "அட, நீயும் போறியா? பூட்டுச் சாவி எங்க?" என்று கேட்டான். காகிதக்காரன் கியரில் கை வைத்தான்.

அவள் ஏறினாள்.

இத்தனை நாளும் அவள் நினைப்பில் சின்னவள் எங்கோ ரயிலேறிப் போக வேண்டிய ஊரில் இருந்தாள். வேன் ரயில் நிலையத்துச் சாலையைத் தாண்டி நேராகப் போனது.

"ரொம்ப தூரமா?"

"இல்லக்கா. பக்கம்தான். சின்ன ஊரு, கடையில கேட்டா வீட்டைக் காட்டிடுவாங்க." அவன் நிதானமாக ஓட்டினான். "வாசல்ல நீங்க முன்னாடி நில்லுங்க. நான் பின்னாடி நிக்கறேன். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்."

"சரி" என்றாள்.

திறக்காதே. ஓடு. இரண்டே சொற்கள். வாயைத் திறக்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவன் கை தன் வாயைப் பொத்துவதற்குள் இரண்டையும் சொல்லி முடிக்க வேண்டும். முதலில் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வேன் வேகம் குறைந்து ஒரு தெருவுக்குள் திரும்பியது.