மீட்டரைக் குறைத்தவன்

என்னை ஏமாற்றிக் காசு வாங்க இந்தப் பேராக் மாநிலத்திலேயே ஆள் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வேறு யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சந்தையில் மீன்காரர் என்னைக் கண்டால் துணியை எடுத்து மீனை மூடுவார், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட புத்திசாலி, மூன்று வருடத்துக்கு முன்னால் காரை விற்க நினைத்தேன். மீட்டரில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர். ஒருத்தன் லேப்டாப்பைச் செருகி, நான் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் அதை எழுபதாயிரமாக்கினான். கூலி நூற்றைம்பது வெள்ளி. அதிலும் இருபது வெள்ளி பேரம் பேசிக் குறைத்தேன். இவ்வளவு செய்தும் வந்தவர்கள் தேய்ந்த ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்து, நமட்டுச் சிரிப்போடு போய்விட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்து என் மகள் தேவிஷாவுக்குத் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் வேலை கிடைத்தது. "எடுத்துக்கம்மா, அப்பாவோட பரிசு" என்று சாவியை நீட்டிப் பெரிய மனுஷனாகிவிட்டேன். மீட்டர் விஷயத்தைச் சொல்ல வெட்கம். அப்புறம், அது மறந்துபோச்சு என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். எண்ணெய் மாற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டர் பார்த்துச் செய்கிற பெண் அவள். எனக்கு எப்படித்தான் அப்படி ஒரு பிள்ளை பிறந்ததோ!

போன சனிக்கிழமை காலையில் போன் வந்தது. "அப்பா, காடி ஹைவேல நின்னுருச்சி. இழுத்துக்கிட்டு லியோங் அங்கிள் பட்டறைக்கு வந்துட்டேன். மூவாயிரம் வெள்ளி கேக்குறாருப்பா!"

"மூவாயிரமா? பகல் கொள்ளையால்ல இருக்கு! ஒரு காசு குடுக்காத. அப்பா வர்றேன்!"

என்ன பழுது என்றுகூடக் கேட்கவில்லை. ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் பஸ் ஏறி, வழி நெடுகச் சண்டைக்கு வசனம் தயாரித்துக்கொண்டே போனேன்.

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர் லியோங். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். என்னைப் பார்த்ததும் அறுந்த பெல்ட்டை எடுத்துக் காட்டினார். "டைமிங் பெல்ட்டு, அண்ணே. ஓடுறப்பவே அறுந்து, பிஸ்டன் மேல வந்து இடிச்சிருச்சி. பன்னெண்டு வால்வும் வளைஞ்சி போச்சி. நேரத்துக்கு மாத்தியிருந்தா நானூறு வெள்ளில முடிஞ்சிருக்கும்."

நான் தயாரித்த வசனத்தில் பெல்ட் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. கம்பெனியில் மாட்டிய பெல்ட் அது. 'நல்லாத்தானே ஓடுது' என்று ஒரு முறைகூட மாற்றாதவன் நான்தான்.

"புக்குல ஒரு லட்சத்துல மாத்தணும்னு போட்டிருக்கு" என்றாள் தேவிஷா. "என் காடி தொண்ணூத்தேழாயிரம்தான் ஓடியிருக்கு. வர்ற லீவுல மாத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எப்படி அறுந்துபோகும்? பொம்பள தனியா வந்தா மொட்டையடிச்சிரலாம்னு பாக்குறாரு."

"இது ரெண்டு லட்சத்த நெருங்குன பெல்ட்டும்மா. பல்லப் பாரு, மொத்தமா தேஞ்சி கெடக்கு. முப்பது வருஷமா கட நடத்துறேன் லா, ஒருத்தர் என்னையத் திருடன்னு சொன்னதில்ல."

"இன்னிக்கி சொல்றாங்க பாருங்க. எங்க டீச்சர்ஸ் குரூப்புல நாலாயிரம் பேர் இருக்காங்க." கடையைப் படம் பிடித்து, மடமடவென்று எழுத ஆரம்பித்தாள். லியோங்கின் முகம் சிவந்துவிட்டது.

வீராதி வீரன் என்ன செய்தேன் தெரியுமா? "விடும்மா, வேற கடைக்கு இழுத்துட்டுப் போயிருவோம்" என்று முனகினேன். கோழை! எழுபது வெள்ளி செருப்புக்கு அரை நாள் சண்டை போட்டவன்!

"ஏம்ப்பா பயப்படுறீங்க? இது காசு விஷயம் மட்டுமில்ல. நடு ரோட்டுல இஞ்சின் நின்னுருச்சி, பின்னால லாரி. ஹாரன் அடிச்சிக்கிட்டே வந்தான். ஓரம் கட்டுறதுக்குள்ள உசுரே போயிருச்சிப்பா." போனில் இதை ஏன் சொல்லவில்லை? நான்தான் மூவாயிரத்தைக் கேட்டதும் கத்த ஆரம்பித்துவிட்டேனே.

அவளுடைய கட்டைவிரல் திரையின் மேல் இருந்தது.

"அனுப்பாத. அவரு சொல்றது நெசம்" என்றேன். "மீட்டர நான்தான் கொறச்சேன். விக்கிறதுக்காக. தொண்ணூறாயிரம். பெல்ட்டயும் மாத்துனதில்ல."

திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். இரண்டுமில்லை. எழுதியதை அழித்தாள். லியோங்கிடம் போய், "மன்னிச்சிருங்க அங்கிள்" என்றாள்.

"பரவாயில்ல லா." அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"நூத்துக்கு நூறு நியாயமான வெலதான். மூவாயிரத்தையும் நானே குடுத்துர்றேன்" என்று அவசரமாகச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டேன். அதைப் பாராட்ட அங்கே யாருக்கும் மனசில்லை.

லியோங் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். "அப்ப மத்ததையும் பாத்துருவோம். அண்ணே, பிரேக்கு எப்ப மாத்துனீங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"அவர்கிட்ட கேக்காதீங்க அங்கிள்" என்றாள் என் மகள். "நீங்களே கழட்டிப் பாத்துச் சொல்லுங்க."