மாமாங்கம் வீட்டுச் சூடு

1985ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பார்க்டேலில் மாமாங்கத்தின் வீட்டுச் சூடு முன்கதவால் இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு நீக்கிலாப்பிள்ளையிடம் போனது. அந்தக் கிழமை காஸ் விலை ஏறியிருந்தது, பாண் விலை ஏறவில்லை. தெருவில் முழங்காலளவு பனி. சூடு போன வழியில் சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள் தார் தெரியும்வரை உருகிக் கிடந்தன. விரல்களெல்லாம் எதிர்வீட்டைப் பார்த்தபடி இருந்தன.

மாமாங்கம் மட்டக்களப்பிலிருந்து இந்தக் குளிர்தேசத்துக்கு வந்தவன். மெத்தை செய்கிற பக்டரியில் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உள்ளே வாய் திறக்கப் புகை வரும். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ்தான் பிழை என்று நினைத்துத் திருத்துகிறவனைக் கூப்பிட்டான். ஃபேர்னஸ் நல்ல சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பழைய சாரங்களைக் கிழித்து யன்னல் இடுக்குகளில் அடைத்தான், பிளாஸ்டிக் தாள் ஒட்டினான். ஒன்றும் சரிவரவில்லை. அவனுடைய மனைவி தெய்வநாயகிக்குக் கலியாணமாகிப் பல வருசத்துக்குப் பிறகு வயிற்றில் பிள்ளை. பங்குனியில் பிறக்கும், பிறக்கும்போது வீடு சூடாக இருக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை வேலை இல்லாமல் வீட்டில் நின்றபடியால்தான் மாமாங்கம் சங்கதியைக் கண்டான். விளக்கு வைக்கிற நேரம் தெய்வநாயகி பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினாள், முன்கதவை அகலத் திறந்து வைத்தாள். லட்சுமி முன்னால் வர வேண்டும், பின்னால் போய்விடக்கூடாது. ஊரில் அவள் செய்ததுதான். ஊரில் அதற்கு யாரும் பில் அனுப்பியதில்லை.

"கதவச் சாத்துகா," என்றான்.

"விளக்கு வைக்கிற நேரத்தில சாத்தினா வீட்டுக்குள்ள ஆர் வருவா?"

"ஒருத்தரும் வரல்ல, போறாங்க. வந்து காலப் பாரு, எந்தப் பக்கம் பாத்து இரிக்கு எண்டு."

அவள் வாசலில் நின்று பார்த்தாள். கோலத்தில் போடுகிற பாதம் போலவே இருந்தது, ஆனால் வெளியே போகிற பாதம். லட்சுமி வந்து கொண்டிருக்கிறவளா, போய்விட்டவளா என்று அவளுக்கும் விளங்கவில்லை, அவனுக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாள் மாமாங்கம் தடத்தில் கால் வைத்து எதிர்வீட்டுக்குப் போனான். நீக்கிலாப்பிள்ளை மன்னார் ஆள், வயது ஐம்பதுக்கு மேலே. பெண்சாதி பிள்ளைகள் இன்னும் மன்னாரில். அகதிக் கேஸ் முடிகிறவரை தனியாக அந்தச் சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டு ஃபேர்னஸ் போன வருசமே செத்துவிட்டது, வீட்டுக்காரன் வேறு ஊரில். ஆனாலும் அவர் பெனியனும் சாரமுமாக, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்திரிகையால் விசிறியபடி இருந்தார்.

"வாங்கோ தம்பி. வெக்கை தாங்கேலாது."

"அண்ணை, இது என்ட வீட்டுச் சூடு."

"எனக்கும் உந்தச் சந்தேகம் இருந்தது. சத்தியமா நான் கூப்பிடேல்லை. பொழுதுபடத் தன்ர பாட்டில வந்து அந்தக் கதிரையில இருக்குது. உங்கட சாமியெண்டால் கையோட கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வேதக்காரன். செபமாலை சொல்லேக்கை பக்கத்தில நிண்டு கேக்குது. பாதரிட்டை நான் இதை என்னெண்டு சொல்லுறது?"

மாமாங்கம் கதிரையைப் பார்த்தான். வா என்று கூப்பிடுவதா, வாங்க என்று கூப்பிடுவதா என்று யோசித்து, மரியாதையாக "வாங்க" என்றான். கதிரை அசையவில்லை. ஃபேர்னஸைத் திருத்தவும் வீட்டில் காற்று ஒழுகாமல் அடைக்கவும் அரசாங்கம் உதவி கொடுக்கிறதே, ஏன் கேட்கவில்லை என்று நீக்கிலாப்பிள்ளையிடம் விசாரித்தான்.

"விசரே உமக்கு? கவுண்மேந்திட்டைக் கை நீட்டினால் கேஸ் பிழையாப் போகும். ஒப்பிசர் வீட்டுக்குள்ள கால் வைச்சால் எப்ப வந்தனீ, எப்பிடி வந்தனீ எண்டு துருவுவான். குளிரில செத்தாலும் பரவாயில்லை, பெண்சாதி பிள்ளையளை எடுக்க ஏலாமல் போகக்கூடாது."

அப்போது பார்க்டேலில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். மாமாங்கம் மட்டும் தன்னுடைய வீட்டுக்கு அந்த உதவி கேட்டு விண்ணப்பித்தான். மாசிமாதத் தொடக்கத்தில் அரசாங்கப் பரிசோதகர் வந்தார். வீட்டில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று புகை விட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. கொண்டுவந்த புகைக்குச்சி நனைந்து போனதால் சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தினார். புகை யன்னலை மதிக்கவில்லை. நேரே கதவடிக்குப் போய், கதவைத் திறந்ததும் தெருவைக் கடந்து, நீக்கிலாப்பிள்ளையின் சாவித்துவாரத்தால் உள்ளே போனது. பரிசோதகர் ஆச்சரியப்படவில்லை. கிழக்குப் பக்கம் ஒரு வீட்டில் சூடு அலுமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு இருந்ததாம், அதோடு பார்த்தால் இது லேசான கேஸ் என்றார். கதவைச் சுற்றி இறப்பர் நாடா ஒட்டி, யன்னல்களை இறுக்கி, இனிமேல் குளிர்காலம் முடியும்வரை கதவைத் திறந்து வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சூடு வீட்டை விட்டுப் போகவில்லை, ஆனால் இருக்கவும் இல்லை. பொழுதுபட்டதும் மாடிப்படியில் ஏறி இறங்கியது. கைப்பிடியைத் தொட முடியவில்லை, பட்டர் உருகி மேசையால் வழிந்தது. விளக்குத் திரி எத்தனை நெருப்புக்குச்சி தட்டினாலும் பற்றவில்லை. தெய்வநாயகியால் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, வயிற்றிலே பிள்ளை வாசல் பக்கமாகவே உதைத்தது. பிள்ளைக்காகத்தானே கதவை அடைத்தோம், பிள்ளையே போகச் சொல்கிறதே என்று மாமாங்கம் தலையைச் சொறிந்தான். எதிர்வீட்டு யன்னலில் உறைபனி உள்ளே இருந்து வெள்ளையாகப் படர்ந்து வந்தது. ஒருநாள் அங்கே திரைச்சீலை அசையவே இல்லை. மாமாங்கம் ஓடிப்போய்த் தட்டினான். நீக்கிலாப்பிள்ளை ஓவர்கோட்டும் தொப்பியுமாக வந்து திறந்தார். மீசையில் பனி பிடித்திருந்தது, கையிலே செபமாலை மணிகள் ஒன்றோடொன்று உறைந்து கம்பி மாதிரி நின்றன.

"ஒண்டுமில்லைத் தம்பி. தடிமன், மூக்கடைப்பு," என்றார்.

மாமாங்கம் வீட்டுக்கு வந்து நாடாவை நகத்தாலே பிய்த்தான். கதவைத் திறந்தான். சூடு அவனுடைய தோளில் உரசிக்கொண்டு, திரும்பியும் பார்க்காமல் படியால் இறங்கியது. உள்ளே விளக்கு ஒரே குச்சியில் பற்றியது.

"போகட்டும்," என்றாள் தெய்வநாயகி, போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு. "ஆனா பங்குனிக்கு நாம என்ன செய்யிற?"

மாமாங்கம் பரிசோதகரை மறுபடி கூப்பிட்டான். அவர் நடுத்தெருவில் நின்று இரண்டு வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். சூடு எங்கே போய் நிற்கிறதோ அந்த வீடுதான் ஒழுகுகிறது, அதை அடைத்தால் அது கெதியாக நிரம்பும், நிரம்பினால் மிச்சம் மாமாங்கத்தின் வீட்டிலேயே நிற்கும் என்று சொன்னார். மாமாங்கத்துக்கு இது விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. வீட்டுக்காரனிடம் பரிசோதகரே தொலைபேசியில் சம்மதம் வாங்கினார். நீக்கிலாப்பிள்ளைதான் கதவைத் திறக்க மாட்டேன் என்றார்.

"அண்ணை, அவர் உங்களப் பாக்க வரல்ல. என்ட சூட்டப் பாக்க வாறார்."

"என்ர பேரைக் கேட்டால்?"

"சூட்டுக்கு என்ன பேர் எண்டுதான் கேப்பார். தெரியாது எண்டு சொல்லுங்க. உண்மைதானே?"

நீக்கிலாப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டு திறந்தார். பரிசோதகர் பெயரும் கேட்கவில்லை, கேஸும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கதிரைப் பக்கம் தலையசைத்துவிட்டுக் கூரைக்குள் ஏறினார். மாமாங்கத்தின் கூரைக்கு ஒதுக்கிய, குளிர் அடைக்கிற இளஞ்சிவப்புப் பஞ்சு முழுவதும் நீக்கிலாப்பிள்ளையின் கூரைக்கடியில் போனது. அங்கத்தைய ஃபேர்னஸும் திருத்தப்பட்டது. அகதிக் கேஸ் அதனால் பிழையாகப் போகவில்லை. அதற்குப் பிறகு சூடு பொழுதுபடப் போய்ச் செபமாலை முடியும்வரை இருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முதல் வீடு திரும்பியது. பங்குனியில் தெய்வநாயகிக்குப் பெண்பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தபோது யன்னல் கண்ணாடி வியர்த்தது. நீக்கிலாப்பிள்ளை பிள்ளை பார்க்க வந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினார்.

1988இல் அவருடைய கேஸ் வென்றது. பெண்சாதி பிள்ளைகள் வந்தார்கள், எல்லாரும் விட்பி என்ற தூரத்து ஊருக்கு வீடு மாறினார்கள். இனிச் சூடு வீட்டிலேயே நிற்கும் என்று மாமாங்கம் எதிர்பார்த்தான். அந்த மார்கழியில் அது எதிர்வீட்டுப் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குவீன் வீதிப்பக்கம் திரும்பியது. மாமாங்கம் ஒருநாள் பின்னாலே போனான். தடம், தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் வந்து நிற்கிற தரிப்பில் முடிந்தது. அதற்கு மேல் எங்கே என்று அவனுக்குத் தெரியாது, இரண்டாம் தரம் அவன் போகவும் இல்லை. பொழுதுபட்ட நேரத்தில் அந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெய்வநாயகி முதலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள்.

"கோட்டைக் கழட்டாதீங்க," என்பாள். "சூடு வெளியில போயிரிக்கு. இரிங்க, இப்ப வந்திரும்."

வந்தவர்கள் கோட்டோடு இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள்.