கிடுகு கொடுத்த கரை

கண்டக்குழிக் கரையில் விடுதிக்காரன் கம்பிவேலி போட்ட அன்று, முதலில் அதைப் பிடித்து உலுக்கியவள் கமீலா. கருவாடு காயப்போடும் மணலுக்கு எந்தப் பெண்ணிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. உம்மாவுக்குப் பின் மகள் அதே இடத்தில் தென்னோலைக் கிடுகு விரிப்பாள், அவ்வளவுதான். அந்த உரிமைக்காகப் பொலிஸ் வாசலில் வெயிலில் காய்ந்தவளும் அவள்தான். ஆனால் விசாரணைக்குக் கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும், பெண்கள் சார்பில் பேச மீனவர் சங்கம் தெரிந்தெடுத்தது ஸாஜிதாவை.

"அவவுக்குச் சிங்களம் தண்ணி மாதிரி ஓடும், ராத்தா," என்றான் சங்கத் தலைவன் நளீம் கமீலாவிடம்.

கமீலாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஸாஜிதாவின் குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கரைக்கு வந்தது. அவள் பிறந்ததே அகதி முகாமில். பெண்களின் பேச்சாளராக அவளுடைய படம் பத்திரிகையில் வந்த நாளிலிருந்து கமீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்குப் போனாலும் அவள் வாயில் அதே கதைதான்.

"நேத்து வந்தவ எங்கட கரையப் பத்திக் கதைக்கப் போறாவாம். மன்னார்க் கடல் அவவுக்குப் போதாதாமோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். விடுதிச் சமையற்காரன் பாண் வாங்க நின்றதைக் கண்டும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

விசாரணையில் ஸாஜிதா நன்றாகத்தான் பேசினாள். அதிகாரி தலையாட்டும்போதெல்லாம் கமீலாவுக்குள் ஊசி ஏறியது. பிறகு விடுதியின் சட்டத்தரணி எழுந்து, சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பெண்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க மன்னார். இந்தக் கரையில உங்களுக்கு என்ன பரம்பரை உரிமை? உங்கட ஆக்களே 'நேத்து வந்தவ' எண்டுதானே சொல்லுறாங்க?"

எல்லாத் தலைகளும் கமீலா பக்கம் திரும்பின. ஒரு கணம் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. பிறகுதான் உறைத்தது. கருவாடு போடுகிறவர்களில் பாதிப் பேர் மன்னார்ப் பெண்கள். அவர்களைக் கழித்துவிட்டால், மிச்சமுள்ள நாலு பேருக்காக எவன் வேலியைப் பிடுங்குவான்?

அவள் எழுந்தாள்.

"அதச் சொன்னது நான்தான் ஐயா. வயித்தெரிச்சல்ல சொன்னேன். ஆனா எங்கட கரைக்கு ஒரு முறை இருக்கு. ஒருத்தி தன்ட கிடுகுல ஒண்ட மத்தவளுக்குக் குடுத்தா, அது விரிஞ்ச மணல் மத்தவளுக்குத்தான். குடுத்தவளே திருப்பிக் கேக்க ஏலாது. இவட உம்மாக்குக் கிடுகு குடுத்தது என்ட உம்மா. உங்கட முதலாளிக்கு ஆர் குடுத்த?"

மண்டபம் சிரித்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஸாஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைச் சிங்களத்தில் சொன்னாள். கமீலாவின் காதுக்கு அது தான் சொன்னதைவிட நீளமாகவும் அழகாகவும் கேட்டது. முடிவு வரும்வரை வேலியைக் கழற்றி வைக்கும்படி அதிகாரி சொன்னார். கைதட்டல் எழுந்தது. பத்திரிகைக்காரன் நேரே ஸாஜிதாவிடம் ஓடினான்.

வெளியே வந்ததும் கமீலா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வயித்தெரிச்சல் எண்டதயும் சொன்னியா?"

"இல்ல ராத்தா. அத விட்டுட்டன்."

கமீலாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பெருந்தன்மையிலும் இவள்தானா முந்திக்கொள்ள வேண்டும்!